கிந்தனார் ஏறிய ரயில்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் வீடியோ அனுப்பியிருந்தான். பக்திப் பாட்டு மெட்டில் பனியன் கம்பெனி நைட் ஷிப்டைப் பற்றி நாலு பையன்கள் பாடுகிறார்கள். "சார், கோவிச்சுக்காதீங்க" என்று கீழே எழுதியிருந்தான். கோபம் எதுக்குங்க? எனக்கு இந்த மாதிரி கேலிப் பாட்டு, கறுப்பு நகைச்சுவை எல்லாமே ரொம்பப் பிடிக்கும். இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்று வருகிறவர். சிதம்பரம் போக வேண்டும் என்று ஆசை, ஆனால் பிறப்பு தடுக்கிறது. கடைசியில் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடினார். சேக்கிழார் கதையில் இல்லாத ஒரு வேதியர் பண்ணையாரையும் சேர்த்தார். 1935இல் நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் போட்டு நந்தனாராகவே நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி படமும் வந்தது. ஆக, 1940களில் தமிழ்நாட்டில் நந்தனார் பாட்டு தெரியாத காது கிடையாது.

அந்தக் காதுகளை நம்பித்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மேடையேறினார். கதாகாலட்சேபம் செய்கிற பாகவதர் மாதிரியே பேச்சும் பாட்டுமாகக் கதை சொன்னார். கதையின் பெயர் கிந்தனார். நந்தனாரில் ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம்.

கிந்தனும் நந்தனைப் போலத் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவன்தான். ஆனால் அவனுக்குச் சிதம்பர ஆசை இல்லை, படிப்பு ஆசை. பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். அந்த ரயிலைப் பற்றி ஒரு பாட்டு வரும். எல்லாச் சாதிக்காரரையும் ஒரே வண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகிறதே என்று ரயிலைப் புகழ்கிற பாட்டு. பிறகு கிந்தன் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான்.

இதை எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? உடுமலை நாராயண கவி. 1899இல் உடுமலைப் பக்கம் பூளவாடியில் பிறந்தவர். நம்ம அவிநாசிபாளையத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் போனால் அவர் மண்ணுக்குப் போய்விடலாம். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.

1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் சேர்ந்தது. படத்துக்குக் கதை வசனம் அண்ணா. இரண்டு வருடம் முன்னால், 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்திருந்தது. கோயில் கதவைச் சட்டம் திறந்துவிட்டது, அடுத்தது பள்ளிக்கூடக் கதவு என்று சிரிக்க வைத்தே சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பல ஊர்ப் பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஊர்களின் ஜனங்களும்தான் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

நல்ல பகடி இப்படித்தான் வேலை செய்யும். மெட்டு அப்படியே இருக்கும், கேள்வி மாறிவிடும். "இவன் தீயில் குளித்தானா?" என்பது பழைய கேள்வி. "இவனை எதுக்கய்யா தீயில் குளிக்கச் சொன்னீர்கள்?" என்பது புதிய கேள்வி. இதை நேராகக் கேட்டிருந்தால் கல்லடிதான் விழுந்திருக்கும்.

கலைவாணர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் பாகவதரோடு கைதானவர், மேல்முறையீடு பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார். அதே வருடம் வந்த 'பைத்தியக்காரன்' படத்தில், ஜெயிலுக்குப் போய் வந்ததையே பாட்டாக்கிச் சிரித்தார். இரண்டு வருடத்துக்கு மேல் கம்பி எண்ணியவர், பட்ட அடியைப் பாட்டாக்கினார் பாருங்கள். கறுப்பு நகைச்சுவை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

அடுத்தது எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம், 1954இல் படமானது. தொழுநோய் வந்து எல்லாவற்றையும் இழந்த பிறகும் மோகனசுந்தரத்தின் வாய் மட்டும் அடங்காது. தியேட்டரில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்கள் நாங்கள். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். நோயைப் பாவத்துக்குத் தண்டனையாகக் காட்டியது இன்றைக்கு உறுத்துகிறது. மருந்தால் முழுக்கக் குணமாகிற நோய் அது. பெரிய கலைஞன் செய்தாலும், நோயாளியின் மேல் விழுகிற சிரிப்பு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

பிறகு விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தது. 2010இல் 'தமிழ்ப் படம்' வந்தது. பெரிய ஹீரோக்களின் பில்டப்பை ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக் காட்டினார்கள். மூலப் படத்தைப் பத்துத் தடவை ரசித்துப் பார்த்தவனால்தான் அப்படிக் கழற்ற முடியும். தெரியாததைக் கேலி செய்தால் அது வெறும் சத்தம்.

எனவே பாட்டுக் கட்டுகிற தம்பிகளுக்கு வாத்தியார் சொல்வது இரண்டு. முதலில் மூலத்தை முழுசாகக் கேளுங்கள். அடுத்து, உங்கள் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். முதலாளி மேல், ஹீரோ மேல், உங்கள் மேலேயே விழட்டும். கைமடிக்கிற பிள்ளை மேல் விழ வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு நின்று கைமடிக்கப் போன பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். கிந்தன் ஏறிய ரயிலில் அவர்களுக்கும் இடம் இருந்தது. அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பிள்ளைகள் இன்றைக்குக் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ராத்திரி கிந்தனாரைத் தேடிப் போட்டுக் காட்டுங்கள்.