காகித உறைக்குள் வராத கறுப்புக் கட்டம்

இலங்கையில் பாமசிகளில் மருந்து வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சிறிய காகித உறைகள் நன்கு பரிச்சயமானவை. பெரிய அட்டையிலிருந்து பத்துக் குளிசைகளைக் கத்தரித்து உறைக்குள் இட்டு, மேலே 'இரவில் 1' என்று பேனாவால் எழுதித் தருவார்கள். குளிசைகள் வந்த பெட்டியும், அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த விளக்கத் துண்டும் பாமசியிலேயே தங்கிவிடும். எங்களில் எவரும் அதைக் கேட்பதும் இல்லை.

அத்தகைய ஓர் உறையில்தான் சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது மகளின் மகனுக்கான குளிசைகளும் வீட்டுக்கு வந்தன. அவனுக்கு அப்போது வயது 5. இரவில் இருமல், விடிந்தால் தும்மலும் மூக்கடைப்பும். வைத்தியர் 4 மில்லிகிராம் அளவில், மென்று தின்னக்கூடிய குளிசை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இருமல் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாவது வாரமளவில் பையன் நள்ளிரவில் அலறிக்கொண்டு எழும்பத் தொடங்கினான். பகலில் காரணமின்றி எரிந்து விழுந்தான். பாட்டியார் நாவூறு கழித்தார். புதிய பாடசாலை பிடிக்கவில்லைப் போலும் என்று நான் விளக்கம் கூறினேன். குளிசையை ஒருவரும் நினைக்கவில்லை.

ஒன்றரை மாதத்தின் பின்னர் இலண்டனில் தாதியாகப் பணிபுரியும் எனது தம்பியின் மகள் தொலைபேசியில் பேசியபோது, "பெரியப்பா, அவன் என்ன மருந்து எடுக்கிறான்?" என்று கேட்டாள். உறையில் எழுதப்பட்டிருந்த வர்த்தகப் பெயரை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் கழித்து அவளே மீண்டும் அழைத்து, "நாளைக்கே டொக்டரிட்டக் கொண்டு போய்க் காட்டுங்கோ" என்றாள். வைத்தியர் பொறுமையாகக் கேட்டார், அந்தக் குளிசையை நிறுத்தினார், உறிஞ்சும் மருந்துக்கு மாற்றினார். ஒரு கிழமைக்குள் பையன் அமைதியாக உறங்கினான்.

ஒரு பிள்ளையின் கதை எதையும் நிரூபிக்காது என்பதை நான் அறிவேன். கனவுகள் தாமாகவும் நின்றிருக்கலாம். ஆயினும் ஒரு செய்தியாளனுக்கு ஒரு கேள்வி முளைத்துவிட்டால் அதை விட்டு நகர முடிவதில்லை. அந்தக் குளிசையின் பெயர் மொன்ரெலுகாஸ்ட். அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கதை நாகபாம்பில் ஆரம்பமாகிறது. 1933 இல் நாஜிகள் பதவிக்கு வந்ததும், யூதர் என்ற காரணத்தால் பெர்லினில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பேர்க் என்ற உடற்றொழிலியலாளர். இலண்டன் சென்ற அவர், பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் சார்ள்ஸ் கெல்லவே என்பவரோடு பாம்பு விஷத்தை ஆராய்ந்தார். விலங்குகளின் நுரையீரலூடாக நாகவிஷத்தைச் செலுத்தியபோது ஹிஸ்டமின் வெளிப்பட்டது. அதோடு இன்னொரு பொருளும் வெளிப்பட்டது. ஹிஸ்டமின் தசையைச் சட்டென்று சுருக்கும். இதுவோ மெதுவாகச் சுருக்கி, நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது. 1938 இல் அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'மெதுவாகச் செயற்படும் பொருள்' என்பதே. அது இன்னதென்று தெரியாத நிலையில் அதைவிட நேர்மையான பெயரை வைத்திருக்க முடியாது. ஒவ்வாமையின்போது நுரையீரல் அதே வகைப் பொருளைச் சுரக்கிறது என்பதைக் கெல்லவேயும் அவருடைய சகாவும் 1940 இல் காட்டினர். ஆனால் அதன் வேதியியல் அமைப்பை அறிய நாற்பது ஆண்டுகள் சென்றன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர் அதனைத் துலக்கி, 1979 இல் லூக்கோட்ரையீன் என்று பெயரிட்டனர். 1982 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் சாமுவேல்சனும் ஒருவர்.

பகைவன் யாரென்று தெரிந்தபின் அவனைத் தடுக்கும் மருந்தைத் தேடுவதே அடுத்த வேலை. பல கம்பனிகள் அதில் இறங்கின. மேர்க் கம்பனியின் கனடிய ஆய்வுகூடம் கண்டெடுத்த மருந்தே மொன்ரெலுகாஸ்ட். அப்பெயரின் முற்பகுதி அந்த ஆய்வுகூடம் இருந்த மொன்ரியல் நகரைக் குறிக்கிறது. எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் அதே மொன்ரியல்தான். 1998 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆஸ்துமாவுக்கு இதை அனுமதித்தது. சிங்குலேயர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இதற்கு ஏன் அத்தனை வரவேற்புக் கிடைத்தது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்திய குளிசைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். எனது தந்தையாருக்குத் தொய்வு இருந்தது. அவர் விழுங்கிய குளிசைகளில் எபெட்ரினும் தியோபிலினும் கலந்திருந்தன. அவற்றால் ஏற்படும் படபடப்பை அடக்குவதற்கென்று ஃபீனோபார்பிட்டோன் என்ற உறக்க மருந்தையும் அதற்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். தியோபிலின் 1888 இல் ஜேர்மன் விஞ்ஞானி அல்பிரெக்ட் கொசல் தேயிலைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள். தேயிலை விற்று வாழ்ந்த நாட்டினர் அதைக் குளிசையாக விலை கொடுத்து இறக்குமதி செய்தோம் என்பது வேறு கதை. அது எளிதான மருந்தல்ல. நோயைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக்குகளைக் கூடவே கொடுத்தால் இரத்தத்தில் தியோபிலின் ஏறிவிடும். ஏறினால் வாந்தி, இதயத் துடிப்புக் குழப்பம், வலிப்பு. தந்தையாரின் நடுங்கும் கைகளில் தேநீர்க் கோப்பை தளம்பியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மொன்ரெலுகாஸ்ட் அப்படியல்ல. மாலையில் ஒரு தடவை. 15 வயதுக்கு மேல் 10 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 5, அதற்குக் கீழே 4. இரத்தப் பரிசோதனை வேண்டாம், கைநடுக்கம் இல்லை, ஸ்டிரொயிட்டும் அல்ல. இந்தக் கடைசிச் சொல்லே எங்கள் சமூகத்தில் அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்தது. 'பம் அடித்தால் பிள்ளைக்குப் பழகிப்போய்விடும்', 'பெண் பிள்ளை பம் பாவிக்கிறாள் என்று வெளியில் தெரிந்தால் கலியாணம் பேச முடியாது' என்றெல்லாம் நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். உறிஞ்சும் ஸ்டிரொயிட் மருந்து மிகச் சிறிய அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்வது என்பதையும், தொடர் ஆஸ்துமாவில் முதலிடம் அதற்கே என்பதையும் சொன்னால் முகம் திரும்பிவிடும். குளிசை என்றால் எவருக்கும் தெரியாமல் விழுங்கிவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் 2002 இறுதியில் பருவகால மூக்கு ஒவ்வாமைக்கும் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் லிவோசிட்ரிசின் என்ற ஒவ்வாமை மருந்தோடு ஒரே குளிசையாகச் சேர்த்து விற்கும் வழக்கம் பரவியது. தும்மலுக்கே அது கைமருந்து போலாயிற்று.

இனி எச்சரிக்கையின் கதைக்கு வருகிறேன். இந்த மருந்து குறித்த ஆரம்பகால விளக்கத் துண்டில், எலிகளில் செய்த சோதனையின்படி மருந்து மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் விற்பனைக்கு வந்தபின் பெற்றோரும் வைத்தியர்களும் வேறு விடயங்களை அறிவிக்கத் தொடங்கினர். 2007 மார்ச்சில் நடுக்கம், ஏப்ரலில் மனச்சோர்வு, ஒக்டோபரில் தற்கொலை எண்ணமும் நடத்தையும், 2008 பெப்ரவரியில் பதற்றம் என ஒவ்வொன்றாக அந்தத் துண்டில் ஏறின. 2008 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் இதனை ஆராய்வதாகப் பகிரங்கமாக அறிவித்தது. 2009 ஜூனில் முன்னெச்சரிக்கைப் பகுதியில் இதனைச் சேர்க்கும்படி பணித்தது. துண்டு நீண்டுகொண்டே போனது. அதைப் படித்தவர் எத்தனை பேர்?

2019 செப்டெம்பரில் அந்த நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுக்கள் கூடியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நேரில் வந்து பேசினர். 2020 மார்ச் 4 ஆம் திகதி, அங்கு வழங்கப்படும் எச்சரிக்கைகளில் மிகக் கடுமையானது, கறுப்புக் கோட்டால் கட்டமிட்டு முதலிலேயே அச்சிடப்படுவது, இந்த மருந்துக்கு விதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்து 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2018 ஆம் ஆண்டில் மாத்திரம் அமெரிக்காவில் ஏறத்தாழ 93 இலட்சம் பேர் இதைப் பெற்றிருந்தனர். அவர்களில் 23 இலட்சம் பேர் 17 வயதுக்குக் குறைந்தவர்கள். 1998 முதல் 2019 வரை இந்த மருந்தோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்ட தற்கொலைகள் 82.

இங்கே நிதானம் தேவை. 82 என்பது அறிவிக்கப்பட்ட தொகையே. அவை யாவும் மருந்தால் நேர்ந்தவை என்று பொருளல்ல. எல்லாமே அறிவிக்கப்பட்டன என்றும் பொருளல்ல. அதே நிர்வாகம் தானே நடத்திய பெரிய ஆய்வொன்றில், உறிஞ்சும் ஸ்டிரொயிட் பாவித்தவர்களோடு ஒப்பிடுகையில் மொன்ரெலுகாஸ்ட் பாவித்தவர்களுக்கு வைத்தியசாலையில் சேருமளவுக்கான மனச்சோர்வோ தற்கொலை முயற்சியோ கூடுதலாகக் காணப்படவில்லை. ஆனால் நள்ளிரவில் அலறி எழும் ஐந்து வயதுப் பிள்ளை எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2024 நவம்பரில், இம்மருந்து மூளையிலுள்ள பல ஏற்பிகளோடு இணைவதாக அந்த நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் முதற்கட்டத் தரவுகளை முன்வைத்தனர். அதன் முழுப் பொருள் என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. பிரித்தானியாவின் ஒழுங்குமுறை அமைப்பும் 2019 இலும் 2024 இலும் எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

மருந்து தடை செய்யப்படவில்லை. தடை செய்ய வேண்டும் என்று நானும் கூறவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பாக உறிஞ்சும் மருந்தோடு மேலதிகமாகச் சேர்க்கப்படும்போது, இது உண்மையிலேயே உதவுகிறது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்துகள் பயன்தராதபோது அல்லது ஒத்துவராதபோது மாத்திரமே இதை எழுதுங்கள் என்பதே 2020 ஆம் ஆண்டின் கட்டளையின் சாரம். வைத்தியர்கள் நன்கு அறிந்த வேறு விதிகளும் உண்டு. மூச்சு முட்டி வரும் நேரத்தில் இக்குளிசை உதவாது, அப்போது சல்புட்டமோல் பம்தான் வேண்டும். குளிசை கிடைத்துவிட்டதென்று உறிஞ்சும் ஸ்டிரொயிட்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. அஸ்பிரின் ஒத்துவராத ஆஸ்துமாக்காரர் இதை எடுத்தாலும் அஸ்பிரினைத் தவிர்த்தே ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் குளிசையை இன்றிரவே குப்பையில் போட வேண்டாம். உறக்கம், கனவு, கோபம், சோகம் ஆகியவற்றில் மாற்றம் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றே செல்லுங்கள். சிலருக்கு நிறுத்திய பின்னரும் அறிகுறிகள் தொடர்ந்ததாக அறிக்கைகள் உண்டு.

எனக்கு உறுத்துவது உறையின் விவகாரம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர்கள் மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளை நம்பியிராமல் நடுநிலையான தகவலைப் பெற வேண்டும், மருந்துகள் அவற்றின் இனப்பெயரால் எழுதப்பட வேண்டும் என்று போராடியவர். 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. 1977 இல் கயானா நாட்டில் அவர் காலமானார். அவர் பெயரை மேடைகளில் உச்சரிக்காத அரசியல்வாதி எங்கள் நாட்டில் அரிது. ஆனால் என் பேரனின் உறையில் இருந்தது ஒரு வர்த்தகப் பெயர். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகள் அருகிப்போனபோது, இந்த மாதம் ஒரு பெயர், அடுத்த மாதம் இன்னொரு பெயர் என்று கிடைத்ததை வாங்கினோம். ஒரே மருந்து இரு பெயர்களில் ஒரே வீட்டுக்குள் வந்தாலும் பாட்டியாருக்கு எப்படித் தெரியும்? வாஷிங்டனில் போராடிப் பெற்ற கறுப்புக் கட்டம், அட்டையைக் கத்தரிக்கும் கத்தரிக்கோலோடு நின்றுவிடுகிறது.

சென்ற மாதம் எனது சொந்தத் தும்மலுக்கு மருந்து வாங்கச் சென்றேன். உறையில் மருந்தின் உண்மைப் பெயரையும் எழுதித் தருமாறு கேட்டேன். அங்கு நின்ற இளம்பெண் வியப்போடு பார்த்தாலும் எழுதினார். விளக்கத் துண்டும் வேண்டும் என்றேன். "ஐயா, இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்று சொல்லியபடி லாச்சியைத் திறந்தார். உள்ளே பல நிறங்களில், மடிப்புக் கலையாமல், கட்டுக்கட்டாக அவை கிடந்தன. எனக்குரியதை எடுத்துத் தந்தார். முழுவதும் ஆங்கிலம், எறும்பு எழுத்து. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மணி நேரம் படித்தேன். அன்றிரவு மகளுக்குத் தொலைபேசி எடுத்து, பேரனுக்கு முன்னர் கொடுத்த குளிசையின் துண்டையும் அதே பாமசியில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லி, அதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.