தானே தேடிய கேடும் பிறர் சிந்தும் கண்ணீரும்: இரங்கலின் தகுதி குறித்து

முன்னுரை

2011 ஜூன் 20 அன்று அதிகாலை மூன்று மணியளவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வெஸ்ட் கோஷன் என்னும் பகுதியில் ஒரு போர்ஷே கார் சாலையை விட்டு விலகி மரங்களுக்குள் பாய்ந்து தீப்பிடித்தது. ஓட்டியவர் ‘ஜாக்கஸ்’ என்னும் தொலைக்காட்சிச் சாகச நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ரயன் டன், வயது 34. உடன் வந்த நண்பரும் மாண்டார். மணிக்கு 55 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 130 மைலுக்கு மேல் சென்றதாகக் காவல்துறை கணித்தது. ஓரிரு நாளில் வெளியான ஆய்வு முடிவு, டன்னின் குருதியில் மதுவின் அளவு 0.196 விழுக்காடு என்றது. சட்டத்தின் வரம்பு 0.08.

அம்முடிவு வருவதற்கு முன்பே, திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். குடித்த நண்பனை வண்டியோட்ட விடாதீர்கள் என்னும் பழகிய விழிப்புணர்வு வாசகத்தை நிகழ்ச்சியின் பெயரோடு முடிச்சிட்ட சிலேடை அது. இறந்தவரின் நண்பர்கள் கொதித்தனர். ஈபர்ட் பின்னர், தாம் அவசரப்பட்டிருக்கலாம் என ஒப்புக்கொண்டார். ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் குடிநோயிலிருந்து மீண்டவர். 1979 முதல் மதுவைத் தொடாதவர் என்பதைத் தாமே எழுதி வெளியிட்டவர். ஆகவே அவருடைய கடுமையை வெளியாள் ஒருவரின் ஏளனம் என்று தள்ளிவிட முடியாது.

துணிந்து கேட்டைத் தேடிக்கொண்ட புகழாளருக்காக நாம் வருந்த வேண்டுமா என்ற கேள்வியை இந்த நிகழ்வு கூர்மையாக எழுப்புகிறது. இரங்குவதற்கு இறந்தவரிடம் தகுதி தேட வேண்டியதில்லை, புகழ்வதற்குத் தேட வேண்டும், சாவின் காரணத்தை மறைக்க இரண்டுமே இடம் தரக்கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரங்கலும் போற்றலும்

பொது இரங்கலில் வெவ்வேறான மூன்று செயல்கள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. முதலாவது, ஓர் உயிர் போனதற்காக நெஞ்சு கனப்பது. இரண்டாவது, அவர் வாழ்வையும் அது முடிந்த விதத்தையும் எடைபோடுவது. மூன்றாவது, அவரை முன்மாதிரியாக உயர்த்துவது. ‘அவன் செத்ததற்கு அழலாமா’ என்று வினவுவோர் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் எதிர்க்கிறார்கள். தடை விதிப்பதோ முதலாவதற்கு. ‘செத்தவனைப் பற்றித் தப்பாய்ப் பேசாதே’ என்று தடுப்போர் முதலாவதைக் காக்க எண்ணி இரண்டாவதன் வாயை அடைக்கிறார்கள். டன்னின் நண்பர்களும் ஈபர்ட்டும் மோதிக்கொண்டதும் இப்படித்தான். ஒரு சாரார் இழப்பைப் பேசினர், மறுசாரார் காரணத்தைப் பேசினர். இரண்டும் உண்மை.

தகுதி வாதம்

தகாத துன்பத்துக்கே இரக்கம் பிறக்கும் என்பது அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் வகுத்த விதி. மேலோட்டமாகப் பார்த்தால் இது டன்னுக்கு எதிரான தீர்ப்பு. ஆனால் அதே நூல், சிறந்த அவலநாடகத்தின் தலைவன் முழுத் தூயவனாகவோ முழுக் கொடியவனாகவோ இருக்கலாகாது, தன் பிழையொன்றால் வீழ்பவனாக இருக்க வேண்டும் என்கிறது. பிழை செய்தான் என்பதனாலேயே இரக்கத்தை இழந்துவிடவில்லை. பிழைக்கும் விளைவுக்கும் இடையே உள்ள அளவுப் பொருத்தமின்மையே இரக்கத்தின் ஊற்று. குடித்துவிட்டு ஓட்டியவருக்கு எந்த நாகரிகச் சட்டமும் உயிரோடு எரிக்கும் தண்டனை விதிப்பதில்லை. அப்படியிருக்க, அத்தண்டனை தானாக வந்து சேர்ந்தபோது ‘தகும்’ என்று சொல்வது நீதியின் மொழி ஆகாது.

தொல்காப்பியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சொல்லும். ‘தகாத’ என்ற அடைமொழி இவற்றுள் எதற்கும் இல்லை. இழவு நேர்ந்ததா என்பதே கேள்வி. யாரால் நேர்ந்தது என்பது அங்கே எழவில்லை. உரையாசிரியர் பேராசிரியர் அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலங்கண்டு அவலித்தல் என இருவகைப்படுத்துகிறார். நேரில் அறியாத புகழாளருக்காக வருந்துவது இரண்டாவது வகையுள் அடங்கும். அறியாதவருக்காக அழுவது போலி என்ற குற்றச்சாட்டுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களும் இதற்குச் சான்று. தன் புதல்வரோடு மாறுபட்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடதிசை நோக்கி உண்ணாநோன்பிருந்து, உயிர்நீத்தான். அது அவனே தெரிந்தெடுத்த முடிவு. அதற்காக அவன் நண்பரான புலவர் பொத்தியாரின் அழுகை அடங்கிவிடவில்லை. வடக்கிருத்தலுக்கு இருந்த அறப்பெருமை மதுமயக்கத்தில் ஓட்டிய காருக்கு இல்லை என்பது வெளிப்படை. நான் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது ஒன்றே: சாவைத் தானே தேர்ந்துகொண்டவர் என்பது மட்டும் இரங்கலை மறுக்கும் காரணமாக நம் மரபில் நிற்கவில்லை.

இடரின் மூவகை

‘ஆபத்தான நடத்தை’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அடைப்பது ஆய்வுக்கு உதவாது. குறைந்தது மூன்று வகைகளைப் பிரித்தாக வேண்டும்.

முதல்வகை தொழிலோடு ஒட்டிய இடர். 1994 மே 1 அன்று இமோலாவில் கார்ப்பந்தய வீரர் அயர்டன் சென்னா பந்தயத்தின்போது இறந்தது இவ்வகை. விதிகளுக்கு உட்பட்ட களம், அறிந்து ஏற்ற ஆபத்து. இரண்டாவது, தேர்வு செய்யும் திறனையே நோய் அரித்துவிட்ட நிலை. 2011 ஜூலையில் தம் 27 ஆம் வயதில் லண்டனில் இறந்த பாடகி ஏமி வைன்ஹவுஸின் குருதியில் 100 மில்லி லிட்டருக்கு 416 மில்லி கிராம் மது இருந்தது. அன்று பிரிட்டனில் வண்டியோட்ட அனுமதித்த வரம்பைப் போல ஐந்து மடங்கு. அவர் ‘விரும்பிக் குடித்தார்’ என்று சொல்வது குடிநோயின் இயல்பை அறியாத பேச்சு. மூன்றாவது, பிறர் தலைமேல் ஏற்றிய இடர். பொதுச்சாலையில் குடித்துவிட்டு ஓட்டுபவர் எதிரே வருவோரின் ஒப்புதலைக் கேட்பதில்லை.

டன்னின் வழக்கு ஏன் சிக்கலானது என்பது இப்போது விளங்கும். அவர் பிழைப்பு நடத்தியது முதல்வகை இடரால். இறந்ததும் உடன் வந்தவரின் சாவுக்குக் காரணமானதும் மூன்றாம் வகையால். ‘இப்படித்தான் வாழ்ந்தான், இப்படித்தான் செத்தான்’ என்று இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்த அஞ்சலிகள் இந்த வேறுபாட்டை அழித்துவிட்டன. திரையில் தன் உடலைப் பணயம் வைத்தவர் சாலையில் வைத்தது அடுத்தவர் உடலையும்.

நல்வாய்ப்பு என்னும் திரை

அறவாய்ப்பு, அதாவது தற்செயலான விளைவு அறமதிப்பீட்டை மாற்றுவது, பற்றி 1976 இல் மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பிய விவாதம் இங்கே பயன்படும். ஒரே அளவு குடித்து ஒரே வேகத்தில் ஓட்டிய இருவருள் ஒருவர் வீடு சேர்கிறார், மற்றவர் முன்னே ஒருவர் குறுக்கிடுகிறார். செயலில் வேறுபாடில்லை, விளைவை வைத்து ஒருவரைக் கொலைகாரர் என்கிறோம், மற்றவரை ஒன்றும் சொல்வதில்லை. டன் அன்றிரவு வீடு சேர்ந்திருந்தால் அந்த வேகம் அவருடைய சாகசக் கதைகளில் ஒன்றாகச் சிரிப்போடு சொல்லப்பட்டிருக்கும். உயிரோடிருந்தால் சிரிப்பும் இறந்தால் ஏளனமும் என்றால், நம் கண்டனம் செயலின் மீது எழவில்லை. அப்பழக்கத்தைக் கண்டிக்க வேண்டிய நேரம் மரணத்துக்கு முன்பே இருந்தது.

பார்த்தவர் பங்கு

‘ஜாக்கஸ்’ 2000 அக்டோபரில் எம்டிவியில் தொடங்கியது. யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதனோடு ஓடியது. 2001 தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நிகழ்ச்சியின் தீச்சாகசத்தைப் போலச் செய்து கடுமையான தீக்காயமடைந்தான். செனட்டர் ஜோ லீபர்மன் எம்டிவியைக் கண்டித்தார். ஆயினும் 2010 இல் வந்த அந்நிகழ்ச்சியின் மூன்றாம் திரைப்படம் அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடிபடுவதைக் காணச் சீட்டு வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் கொட்டிய பணம் அது.

அந்தக் கூட்டம் டன்னின் சாவுக்குச் சட்டப்படி பொறுப்பல்ல. குடித்ததும் ஓட்டியதும் அவரே. ஆனால் இடரை வேடிக்கையாக்கி விலைகொடுத்து வாங்கிய பிறகு, இடர் கடித்தவுடன் ‘அவன் தலையெழுத்து’ என்று கைகழுவுவது நேர்மையன்று. பயன் துய்த்தவருக்கு இரங்கும் கடனும் உண்டு, தன் ரசனையை வினவும் கடனும் உண்டு.

இரண்டு தடைகள்

புகழாளருக்கு அழுவது அவர் செயலைக் கவர்ச்சியாக்கிப் பின்பற்றத் தூண்டும் என்பது முதல் தடை. காரணத்தைக் கூறாத இரங்கலுக்கு இது பொருந்தும். காரணத்தைக் கூறிய இரங்கல் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கார்ப்பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் மோதி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையையும் கழுத்தையும் பிணைத்துக் காக்கும் பட்டையை அவர் ஏளனம் செய்து மறுத்து வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டில் நாஸ்கார் என்னும் அமெரிக்கக் கார்ப்பந்தய அமைப்பின் வீரர்கள் மூவர் அதே வகைக் காயத்தால் இறந்திருந்தனர், அமைப்பு அசையவில்லை. எர்ன்ஹார்ட்டுக்காக எழுந்த பெருந்துயர் ‘ஏன்’ என்று கேட்டது. 2001 அக்டோபரில் அத்தகைய பட்டை கட்டாயமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாஸ்காரின் முதன்மைத் தொடர்ப் பந்தயங்களில் ஓட்டுநர் எவரும் உயிரிழக்கவில்லை.

இரண்டாம் தடை கனமானது: புகழாளருக்கு ஓடும் கண்ணீர் பெயரறியாதவருக்கு ஓடுவதில்லை. மேற்சொன்ன மூவரின் சாவு செய்யாததை ஒருவரின் சாவு செய்தது என்பதே இதற்கு ஆதாரம். சென்னாவுக்கு முந்தின நாள் அதே இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்னும் ஆஸ்திரிய வீரர் இறந்தார். பிரேசில் சென்னாவுக்கு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. பந்தய உலகம் சாவ் பாவ்லோவில் திரண்டது. பன்னாட்டுக் கார்ப்பந்தய அமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள் என்பதால், ராட்சன்பெர்கரின் அடக்கத்துக்குப் போனார். இந்த ஏற்றத்தாழ்வுக்கு மருந்து சென்னாவுக்கு அழுவதை நிறுத்துவதன்று. மோஸ்லி காட்டிய வழியே மருந்து: கூட்டம் போகாத வீட்டுக்கும் ஒருவர் போக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. இழவு நேர்ந்த இடத்தில் இரங்கல் முறையானது; இறந்தவரின் தவறு அதைத் தடுக்காது. புகழஞ்சலி வேறு, அது வாழ்வை மதிப்பிட்ட பின்னரே எழ வேண்டும், தன்னை மட்டும் பணயம் வைத்தவரையும் பிறரைப் பணயம் வைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஈபர்ட் சொன்னதில் தவறில்லை. சொன்ன பொழுதும் சிலேடையும் தவறு. டன்னின் நண்பர்கள் அழுததில் தவறில்லை. காரணத்தைச் சொல்லக்கூடாது என்றது தவறு.

எனவே இரங்கற் குறிப்பு எழுதுவோர் மூன்றைத் தவறாமல் எழுதலாம்: இறந்தவர் யார், எதனால் இறந்தார், அவரோடு வேறு யார் இறந்தார். ரயன் டன்னைப் பற்றி அன்று வந்த செய்திகளில் முதலாவது தலைப்பில் இருந்தது. இரண்டாவதைப் பற்றிச் சண்டை நடந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரி.