பிளவுப் பாறைப் புவிவெப்பத் தேக்கங்களில் தடங்காட்டிச் சோதனை: செறிவு வளைவைப் பொருள்கொள்ளும் முறை

1. சிக்கல்

புவிவெப்ப மின்நிலையங்கள் நீராவியைப் பிரித்தபின் எஞ்சும் நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்துகின்றன. தேக்கத்தின் அழுத்தத்தைக் காக்க இது தேவை. ஆனால் அந்த நீர் ஒரு பிளவின் வழியே விரைந்து உற்பத்திக் கிணற்றை எட்டினால், கிணறு குளிர்ந்துபோகும். அத்தகைய குறுக்குவழி உண்டா என முன்கூட்டியே அறிய, செலுத்தும் நீரில் தடங்காட்டிப் பொருளைக் கலந்து, உற்பத்திக் கிணறுகளில் அதன் செறிவை நாள்தோறும் அளக்கிறார்கள்.

2. வைராக்கெய் தரவுகள்

நியூசிலாந்தின் வைராக்கெய் நிலையம் 1958-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அங்கு நடந்த சோதனைகளில் கதிரியக்க அயோடின்-131 பயன்பட்டது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள். 40 நாளில் 32-இல் ஒரு பங்கே மிஞ்சும். எனவே சிதைவுக்கான திருத்தம் செய்யாத வளைவை வைத்து வாதிடுவதில் பயனில்லை.

இத்தரவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஹார்னும் உடன் ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் பிளவு ஓட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். பிளவின் நடுவில் நீர் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடுவதால் வரும் சிதறல், வளைவின் வடிவத்துக்கு ஒரு விளக்கம். பாறையின் நுண்துளைகளுக்குள் தடங்காட்டி விரவி, பிறகு மெல்லத் திரும்பி வருவது இன்னொன்று. வளைவின் உச்சம் கடந்த பின்னும் நெடுநாள் நீளும் வாலை இரண்டாவது விளக்கமே இயல்பாகத் தருகிறது. வாலை முழுதும் அளக்காமல் சோதனையை நிறுத்துவோர் பாறையைப் பற்றிய செய்தியையே கைவிடுகிறார்கள்.

3. கன அளவும் பரப்பும்

இதுவே இக்கட்டுரையின் மையம். பாறையோடு வினைபுரியாத தடங்காட்டியின் சராசரித் தங்கு நேரத்தை ஓட்ட வீதத்தால் பெருக்கினால், நீர் கடந்த வெளியின் கன அளவு கிடைக்கும். (திரும்பி வந்த தடங்காட்டியின் விகிதத்தாலும் பெருக்கவேண்டும்.) குளிர்தலைத் தீர்மானிப்பதோ பிளவுச் சுவரின் பரப்பு.

1,000 மீட்டர் நீளமுள்ள இரண்டு பிளவுகளைக் கொள்வோம். ஒன்று 100 மீட்டர் உயரம், 1 மில்லிமீட்டர் அகலம். மற்றது 10 மீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் அகலம். இரண்டின் கன அளவும் 100 கனமீட்டர். மணிக்கு 10 கனமீட்டர் நீர் ஓடினால் இரண்டிலும் சராசரித் தங்கு நேரம் 10 மணிதான். ஆனால் முதற்பிளவின் சுவர்ப்பரப்பு பத்து மடங்கு. பாறைக்குள் வெப்பம் பிளவுக்குக் குறுக்காக மட்டுமே கடத்தப்படுகிறது எனக் கொண்டால், குளிர்ச்சி எட்டும் காலம் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, இரண்டாம் பிளவின் கிணறு ஓராண்டில் குளிர்ந்தால், மற்றது நூறாண்டு தாங்கும். சராசரித் தங்கு நேரம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

4. வழிகள்

பாறைப்பரப்பில் ஒட்டி விலகும் தடங்காட்டியை, வினைபுரியாத ஒன்றோடு சேர்த்துச் செலுத்தலாம். இரண்டின் வருகைக்கும் இடையே உள்ள பின்னடைவு பரப்பைப் பற்றிப் பேசும். வினைபுரியாத பொருளாக நாப்தலீன் சல்ஃபோனேட்டுகள் ஏற்றவை; அவற்றுட் சில 300 பாகை செல்சியஸ் தாண்டியும் நிலைக்கும். ஃபுளோரசின் அவ்வளவு வெப்பம் தாங்காது. உற்பத்தி நீரைத் திரும்பச் செலுத்தும் களத்தில் தடங்காட்டியும் சுற்றி வரும்; அந்தப் பங்கைக் கணக்கில் கழித்தாக வேண்டும்.

வேகமான வருகையைக் கண்டவுடன் கிணற்றைக் கைவிடுவது அவசர முடிவு. தாமதமான வருகையைக் கண்டு நிம்மதி கொள்வதும் அதே அளவு தவறு. ஒரே வளைவுக்குப் பொருந்தும் மாதிரிகள் அனைத்தையும் கொண்டு வெப்பநிலையைக் கணித்து, அவற்றின் இடைவெளியையும் சேர்த்தே ஆய்வாளர்கள் அறிக்கையில் தரவேண்டும்.