அமிலம் கரைக்காததை மழை கொண்டுசென்ற கதை



பதுளையிலிருந்து மடுல்சீமைக்குச் செல்வோர் வழியெங்கும் தேயிலையின் பசுமையையே காண்பர். அதன் அடியிற் கிடக்கும் மண்ணின் வரலாற்றை எண்ணுவோர் சிலரே. யான் கலைத்துறை பயின்ற ஆசிரியன். எனினும், வரலாறு ஏட்டில் மட்டுமன்றி மண்ணிலும் பதிந்துள்ளது என்பதனால் இதனைப் பேசத் துணிந்தேன்.

இலையும் வேரும் மட்கி மண்ணுக்குக் கருமையும் வளமும் தரும் பொருளை உக்கல் என்கிறோம். 1786 ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அக்கார்ட் என்பார் முற்றா நிலக்கரியைக் காரக் கரைசலில் இட்டார். கருங்கபில நிறக் கரைசல் கிடைத்தது. அதில் அமிலத்தை வார்க்கவே, கரைந்த பொருள் மீண்டும் வீழ்படிவாயிற்று. இவ்வாறு காரத்திற் கரைந்து அமிலத்திற் படியும் பகுதியைப் பின்வந்தோர் ஹியூமிக் அமிலம் என்றனர். இரண்டிலும் கரைந்து நிற்பதை ஃபுல்விக் அமிலம் என்றனர். இவை மண்ணில் இவ்வடிவிலேயே உள்ளனவா, காரத்தின் செயலால் விளைந்தனவா என்று இன்றைய அறிஞர் வினவுகின்றனர். ஆயினும், அமில மண்ணில் உக்கலின் பெரும்பகுதி எளிதிற் கரைவதில்லை என்பது தெளிவு.

ஊவாவின் தேயிலை மண்ணோ அமிலத்தன்மை உடையது. அங்ஙனமாயின், பண்டைக் காடு திரட்டிவைத்த உக்கல் எங்கே சென்றது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. புல்லும் பூண்டும் நில்லாதபடி களை சுரண்டிய நிலமே நல்ல தோட்டம் எனப்பட்டது. போர்வை இழந்த சரிவுகளில் விழுந்த மழை மேல்மண்ணை உக்கலோடு வாரிச் சென்றது. அமிலம் கரைக்காததை வெள்ளம் சுமந்து சென்றது.

1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பியின் இலைத்துரு நோய் காணப்பட்டது. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணே தேயிலைக்கு உகந்தது. பிற பயிர்கள் பல தயங்கும் நிலத்தில் அது தழைத்தமையால், மண்ணின் இழப்பு கண்ணுக்கு மறைந்தது. அமோனியம் சல்பேற்றுப் பசளை விளைச்சலைப் பெருக்கியது. உடன் அமிலத்தையும் பெருக்கியது. அதனைத் தணிக்க டொலமைற்று இடுகின்றனர். ஆனால் டொலமைற்று அமிலத்தைத் திருத்துமேயன்றி, போன உக்கலை மீட்டுத் தராது.

மீட்கும் வழி மெதுவானது. முதிய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில், புதுக் கன்று நடுமுன், ஏறத்தாழ ஈராண்டு மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டிப் பரப்புதல் அவ்வழிகளுள் ஒன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் குன்றி, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. பல்லாண்டில் இழந்ததை ஓர் ஆணையால் ஒரு பருவத்தில் மீட்க இயலாது.

கவ்வாத்து வெட்டுங்காலத்தில் கொப்புகள் லயத்து அடுப்புக்குச் செல்கின்றன. விறகின்றி உலை கொதியாது, அதனைக் குறைகூறேன். தடித்த கொப்பை அடுப்புக்கு எடுத்து, இலையையும் சுள்ளியையும் செடியடியில் விட்டுவிடுவோமாயின், நம் பிள்ளைகள் காலத்து மண்ணுக்கு அதுவே வைப்பு நிதியாகும்.