முத்துக்குளித்துறையில் ஒரு வினைச்சொல்

கத்தோலிக்கத் திருச்சபையின் நம்பிக்கை அறிக்கை, ‘நம்புகிறேன்’ என்று பொருள்படும் ‘கிரேதோ’ என்ற இலத்தீன் வினைமுற்றில் தொடங்குவதால், அறிக்கைக்கே அது பெயராயிற்று. இலத்தீனிலிருந்து கிளைத்த உரோமானிய மொழிகள் அவ்வினையைத் தத்தம் ஒலிமரபுக்கேற்பக் காத்துள்ளன: இத்தாலியத்தில் கிரேதோ மாறாமல் நிற்க, போர்த்துக்கேயத்தில் கிரேயு, ஸ்பானியத்தில் கிரேயோ, பிரெஞ்சில் குருவா, உருமேனியத்தில் கிரெத் என வழங்குகிறது.

இக்குடும்பத்துக்குப் புறத்தேயுள்ள தமிழில் அதற்கு நிகர் காண்பது எளிதாக இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது பரதவர் முத்துக்குளித்து வாழ்ந்த தென்பாண்டிக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழியும் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மக்களுக்கு மனப்பாடமாகக் கற்பித்தார். அவற்றுள் நம்பிக்கை அறிக்கையில் கிரேதோவின் இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற தொடர் அமைந்திருந்தது. 1544இல் உடனுழைத்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், வேணும் என்பது விரும்புதலையே குறிக்கும் என்று விளக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அங்கே வைக்கும்படி அவர் பணித்தார். கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில், அவர் மனமுவந்தே பாடுபட்டார் என்பதனால், வலுக்கட்டாயத்தைச் சுட்டும் ‘வன்பினாலே’ என்ற சொல்லையும் விலக்கச் சொன்னார். பேச்சுத்தமிழின் இரு வடிவங்கள் பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கேயக் கடிதம் ஒன்றில் தங்கியிருப்பது தமிழ் வரலாற்றுக்கு அரிய பேறாகும்.

பின்னர் தமிழை ஆழக் கற்று, இலத்தீன் இலக்கணச் சட்டகத்தைக்கொண்டு தமிழ் வினைகளை விளக்கி நூலெழுதிய அன்றிக்கு அன்றிக்கசு, 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ வாயிலாகச் செபங்களுக்கு அச்சுவடிவம் தந்தார். வடமொழி வழிவந்த ‘விசுவாசம்’ சமயச் சொல்லாக வேரூன்றியது. இன்றோ பீர்க்கன்கரணை, தாம்பரம் முதலிய சென்னைப் புறநகர்களில் வாழும் கத்தோலிக்கர் ஞாயிறு திருப்பலியில் ‘நம்புகிறேன்’ என்கின்றனர். தென்னிந்தியத் திருச்சபையார் ‘விசுவாசிக்கிறேன்’ என்னும் வழக்கைத் தொடர்கின்றனர்.

சவேரியார் திருத்திய சொல்லை முழுப்பிழை என்று தள்ளிவிட இயலாது. வேண்டுதல் என்பது தமிழில் விரும்புதலோடு இறைவனை இரத்தலையும் குறிப்பது; நம்பு என்ற சொல்லுக்கே தொல்காப்பிய உரியியல், விருப்பம் எனப்படும் நசையைத்தான் பொருளாகக் கூறுகிறது.