401 பிழை

401 பிழை என்பது, கோரிக்கை அனுப்பியவர் யார் என்பதை வழங்கியால் உறுதிசெய்ய இயலவில்லை என்று தெரிவிக்கும் நிலைக்குறி ஆகும். இது எச்.டி.டி.பி. எனப்படும் மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையைச் சார்ந்தது. ஒரு நிரல் இணையச் சேவையுடன் தொடர்பு கொள்ளும்போது அடையாளச் சான்றை அனுப்பாவிட்டாலோ, அனுப்பிய சான்று செல்லாததாக இருந்தாலோ வழங்கி இந்த எண்ணைத் தரும். 2022 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 ஆவணம் இதனை வரையறுக்கிறது.

பெயரும் பொருளும்

இக்குறியின் ஆங்கிலப் பெயர் "அன்ஆத்தரைஸ்டு", அதாவது "அனுமதி பெறாத" என்பதாகும். ஆயினும் இது உண்மையில் குறிப்பது அடையாளம் உறுதிப்படாமையையே. இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் குறிகள் பின்வருமாறு:

* 401 - அடையாளம் உறுதிப்படவில்லை. சான்றைச் சரிபார்க்க வேண்டும்.
* 403 - கோரிக்கை புரிந்தது, ஆனால் மறுக்கப்பட்டது. பெரும்பாலும் கணக்கின் உரிமைகளைச் சரிபார்க்க வேண்டும்.
* 407 - இடையிலுள்ள பதிலி வழங்கி தனக்குரிய சான்றைக் கேட்கிறது.

எல்லாச் சேவைகளும் இப்பாகுபாட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. அமேசானின் எஸ்3 சேவை, கையொப்பம் பொருந்தாதபோது 403 தருகிறது. கிட்ஹப், தனியார் களஞ்சியம் ஒன்று இருப்பதையே வெளிப்படுத்தாதிருக்கும் பொருட்டு 404 தருவதுண்டு.

செயற்படும் முறை

401 மறுமொழியுடன், எவ்வகைச் சான்று வேண்டும் என்பதைக் கூறும் தலைப்பு வரி ஒன்றையும் வழங்கி அனுப்ப வேண்டும் என்பது விதி. நிரல் தன் சான்றை "ஆத்தரைசேசன்" என்னும் தலைப்பு வரியில் அனுப்பும். பரவலான முறைகள் மூன்று:

* பேசிக் முறை: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முக்காற்புள்ளியால் இணைக்கப்பட்டு, பேஸ்64 குறியீட்டில் எழுதப்படும். இது மறையாக்கம் அன்று; எவரும் எளிதில் திருப்பிப் படிக்கலாம்.
* பேரர் முறை: சேவை வழங்கிய டோக்கன் அனுப்பப்படும். டோக்கனை வைத்திருப்பவர் எவரும் அதனைப் பயன்படுத்தலாம்.
* கையொப்ப முறை: இரகசியச் சாவி அனுப்பப்படாமல், அதனைக் கொண்டு கணிக்கப்பட்ட கையொப்பம் மட்டும் அனுப்பப்படும்.

பொதுவான காரணங்கள்

* கைவிடப்பட்ட முறை: டுவிட்டர் தன் நிரலாக்க இடைமுகத்தில் பேசிக் முறையை 2010 ஆகத்தில் நிறுத்தியது. கிட்ஹப் தன் நிரலாக்க இடைமுகத்தில் 2020 நவம்பரிலும், கிட் செயற்பாடுகளில் 2021 ஆகத்திலும் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியது. ஆகவே பழைய எடுத்துக்காட்டு நிரல்கள் சரியான கடவுச்சொல்லுடனும் தோல்வியுறும்.
* மறைந்த எழுத்துகள்: சாவியைப் படியெடுக்கும்போது இறுதியில் வெற்றிடம் சேர்ந்துவிடலாம். லினக்சின் எக்கோ கட்டளை தானாகவே ஒரு வரிமுறிவைச் சேர்க்கும். அதுவும் பேஸ்64 குறியீட்டினுள் சென்றுவிடும்.
* முறையின் பெயர் விடுபடல்: டோக்கனுக்கு முன் "பேரர்" என்ற சொல்லும் ஒரு வெற்றிடமும் தேவை.
* காலாவதி: குறுகிய ஆயுளுடைய டோக்கன் புதுப்பிக்கப்படாமை.
* கடிகாரப் பிழை: எஸ்3 சேவையில் கணினியின் நேரம் 15 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் கோரிக்கை மறுக்கப்படும்.
* வழிமாற்றம்: கோரிக்கை வேறொரு வழங்கிக்குத் திருப்பப்படும்போது, கர்ல் போன்ற கருவிகள் பாதுகாப்புக் கருதி சான்றை நீக்கிவிடும். இறுதி முகவரியை நேரடியாகப் பயன்படுத்துவதே தீர்வு.
* வழங்கியின் அமைப்பு: அப்பாச்சி வழங்கி, சி.ஜி.ஐ. நிரல்களுக்கு இத்தலைப்பு வரியை இயல்பாகக் கொடுப்பதில்லை. இங்கு வழு அனுப்புபவரிடம் இல்லை.

கண்டறியும் வரிசை

1. நிலைக்குறியையும், மறுமொழியின் தலைப்பு வரிகளையும், பிழை விளக்கத்தையும் முழுமையாகப் படித்தல்.
2. அதே சான்றுடன் அதே கோரிக்கையைக் கர்ல் மூலம் அனுப்பிப் பார்த்தல். அது வெற்றி பெற்றால் வழு நிரலில் உள்ளது. இல்லையெனில் சான்றை ஐயுற வேண்டும்.
3. நிரல் படிக்கும் சாவியின் நீளத்தை மூலச் சாவியின் நீளத்துடன் ஒப்பிடுதல். இதற்குச் சாவியைத் திரையில் அச்சிடத் தேவையில்லை.
4. சோதனைச் சூழலுக்கான சாவி, உண்மைச் சேவையின் முகவரிக்கு அனுப்பப்படுகிறதா எனப் பார்த்தல்.
5. கணினியின் கடிகாரத்தைச் சரிபார்த்தல்.

பாதுகாப்பு

இப்பிழையை அவசரமாகத் தீர்க்க முயலும்போது, பிழையை விடப் பெரிய தீங்கு விளையக்கூடும். உதவி கேட்டுப் பிறருக்கு அனுப்பும் பிழைப்பதிவில் சான்று அடங்கியிருக்கலாம். நிரலுக்குள் எழுதிய சாவி, பின்னர் அழிக்கப்பட்டாலும் கிட் வரலாற்றில் எஞ்சியிருக்கும். ஒருமுறை வெளிப்பட்ட சாவியைச் செல்லாததாக்கிப் புதியதைப் பெறுவதே ஒரே வழி.

சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைத்துவிடுவதும் தவறான தீர்வாகும். பாதுகாப்பான இணைப்பு அமைந்த பின்னரே சேவையிலிருந்து 401 வந்து சேர்கிறது. எனவே சரிபார்ப்பை அணைப்பதால் பிழை நீங்காது. இடையிலிருந்து ஒட்டுக்கேட்பவருக்கு வழி மட்டுமே திறக்கும். மறுக்கப்பட்ட அதே சான்றை மீண்டும் மீண்டும் அனுப்புவதும் பயனற்றது. சில சேவைகளில் அதனால் கணக்கு பூட்டப்படலாம்.

இவற்றையும் பார்க்க

* மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை
* கடவுச்சொல்
* மறையாக்கம்