ஆஸ்க்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் சரித்திரம்

வினாவுதல், வேண்டுதல் ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தாங்கிய ‘ஆஸ்க்’ என்னும் வினைச்சொல், அந்நிய பதங்கள் அலையலையாகப் புகுந்த பின்னரும் தன் ஸ்தானத்தை இழவாத பழைய ஜெர்மானியச் சொற்களுள் ஒன்றாகும். விரும்புதல், நாடுதல் என்னும் கருத்துடைய இந்தோ-ஐரோப்பிய மூலத்தினின்று இது பிறந்ததாதலின், வடமொழியிலிருந்து நாம் பெற்று வழங்கும் ‘இச்சை’ இதற்கு உறவுச் சொல்லாகிறது.

பழைய ஆங்கிலத்தில் இதனோடு பொருளால் இணைந்து நின்றவை ‘ஃப்ரிக்னன்’, ‘பிட்டன்’ என்னும் இரண்டு. பின்னது, முன்வைத்தலைக் குறித்த வேறொரு வினையோடு கலந்து ‘பிட்’ என்றாகி, இன்று கட்டளையிடுதலையும் ஏலத்தில் விலை கூறுதலையும் உணர்த்துகிறது. முன்னது பொதுவழக்கினின்று மறைந்தது. எனினும் அதன் வமிசம் பெரிது. ஜெர்மன் மொழியின் ‘ஃப்ராகென்’, வடமொழியின் ‘பிரச்னம்’, லத்தீனினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் பெற்ற ‘ப்ரே’ ஆகிய யாவும் அதன் இனத்தவையே. மனிதரிடம் விடுக்கும் வினாவும் ஆண்டவனிடம் செய்யும் விண்ணப்பமும் ஒரே வேரினின்று கிளைத்தமை நெடிது சிந்திக்கத் தக்கது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதன் விளைவாகப் பிரெஞ்சிலிருந்தும், காலப்போக்கில் லத்தீனிலிருந்தும் பரியாயச் சொற்கள் பல வந்து சேர்ந்தன. பிரெஞ்சில் வெறுமனே கேட்டலைக் குறிக்கும் ‘டிமாண்ட்’, நியாயஸ்தலங்களில் உரிமை கோருவோரின் வாய்மொழியாகப் பயின்றமையால், ஆங்கிலத்தில் அதிகாரத்தோடு வற்புறுத்துதலாயிற்று. ‘ரிக்வெஸ்ட்’ பணிவுக்கும், ‘என்கொயர்’ தகவல் நாடுதற்கும் உரியவாயின. ‘கொஸ்சன்’ என வினையாக ஆளும்போது சந்தேகத்தின் சாயல் படிகிறது. ‘இன்டராகேட்’ என்றாலோ குற்றஞ்சாட்டப்பட்டவனை அதிகாரிகள் துருவித்துருவி விசாரிக்கும் காட்சியே மனத்தில் எழும். வழிப்போக்கன் வழி கேட்பதற்கும், குழந்தை தாயிடம் பால் கேட்பதற்கும் பழைய ‘ஆஸ்க்’ ஒன்றே இயல்பாகப் பொருந்துகிறது.

இச்சொல்லின் ஒலிவடிவைப் பற்றியும் கூறவேண்டும். ‘ஆக்ஸ்’ என உச்சரிப்போரைக் கல்வியறிவு குன்றியவரென இகழ்வது பெரும் அநீதி. பழைய ஆங்கிலத்திலேயே ‘ஆஸ்கியன்’, ‘ஆக்ஸியன்’ என இரு வடிவங்களும் வழங்கின. மகாகவி சாஸர் இரண்டாவதைத் தாராளமாகக் கையாண்டார். 1490-இல் காக்ஸ்டன் தாம் அச்சிட்ட ‘ஈனிடோஸ்’ நூலின் முகவுரையிலும், 1535-இல் கவர்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பிலும் அதனையே எழுதினர். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் ‘ஆஸ்க்’ இடம்பெற்றது. பின்னர் அதுவே செம்மை வழக்காக நிலைத்துவிட, ‘ஆக்ஸ்’ வடிவமோ இங்கிலாந்தின் வட்டார மொழிகளிலும், கரீபியத் தீவுகளிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் இன்றளவும் வழங்கிவருகிறது.